தோட்டக்காணியை விற்பதற்கு முன்: ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு ஒரு மடல்

அன்புள்ள ஏழாலை ஊரவருக்கு,

மாசி மாதம் ஊரில் எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டக்காணி கைமாறியது. நாலு பரப்பு செம்மண், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வாய்க்கால் வழி. விற்ற ஐயாவுக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. அவருடைய மகன் ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஒன்பதாம் மாடியில் இருக்கிறான். “இருக்கிற வீட்டை வாங்காட்டி எழுப்பிப்போடுவாங்களாம் அப்பா, முற்பணம் கட்ட வேணும்” என்று தொலைபேசியில் சொன்னானாம். ஒரு கிழமைக்குள் ஐயா நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்துவிட்டார்.

அந்தக் காணியை விற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த மடலை வாசிகசாலையில் ஒட்டிவிடுங்கள். கனடாவில் பிள்ளை இருக்கிற வீடுகளில் கொஞ்சம் உரக்க வாசியுங்கள்.

எண்பதுகளில் இங்கே வந்த எங்கள் சனம் முதலில் வெலஸ்லி, பார்லிமென்ட் வீதிப் பக்கத்து மாடிகளில் நெருக்கிக்கொண்டு இருந்தது. பிறகு ஸ்காபரோவுக்குப் பரவியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த பெரிய வாடகைக் கட்டடங்கள் இவை. முழுக் கட்டடத்துக்கும் ஒரே உரிமையாளர். நாங்கள் மாதக் குடிகள். போன வருடம் எங்கள் கட்டடக்காரர் வீடு வீடாகப் பிரித்து விற்க, அதாவது கொண்டோவாக மாற்ற, அனுமதி கேட்டு மாநகரசபைக்கு விண்ணப்பம் போட்டார்.

கொண்டோ என்பதைப் பங்குக் கிணறு வைத்திருக்கிற உங்களுக்கு விளக்குவது சுலபம். உள்வீடு உனக்குத் தனி உறுதி. லிப்ட், கூரை, நடைபாதை, நிலத்தடிக் கார்த் தரிப்பிடம் எல்லாம் பொது. அதில் உனக்கு ஒரு பங்கு. பங்குக்கேற்ப மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும். கிணறு தூர்ந்தால் பங்காளர் எல்லாரும் கூடிச் சேறு எடுப்பதில்லையா? அப்படித்தான் லிப்ட் பழுதானால், தரிப்பிடத்துக் கொங்கிறீட் வெடித்தால், சேமிப்பு நிதி போதாவிட்டால் எல்லார் தலையிலும் மேலதிகக் காசு விழும். ஐம்பது வருடக் கட்டடத்தில் இது அடிக்கடி விழும். வெள்ளவத்தையில் மாடிவீடு வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. இலங்கையில் இதற்கு 1973 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் 1967 இலிருந்து.

இனி அனுமதி விஷயம். எங்கள் பிள்ளைகள் அறியாமல் பயந்தது இதில்தான்.

ரொறன்ரோவில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை உரிமையாளர் தன் விருப்பத்துக்குக் கொண்டோவாக்க முடியாது. 2007 இல் வந்த நகரச் சட்டப்படி மாநகரசபையின் அனுமதி வேண்டும். எத்தனை வீடு, எத்தனை அறை, ஒவ்வொன்றுக்கும் என்ன வாடகை என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். நகரத் திட்டமும் இலகுவில் விட்டுக்கொடுக்காது. எல்லா வீடுகளின் வாடகையும் நடுத்தர வாடகைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகரத்தில் வாடகை வீடுகளுக்குத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று சபைக்கு நம்பிக்கை வர வேண்டும். அதற்குச் சபை பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று, 100 வாடகை வீட்டில் குறைந்தது 3 காலியாகக் கிடப்பது, அதுவும் தொடர்ந்து 4 ஆண்டுக் கணக்கெடுப்புகளில். பிரித்து விற்ற வீடுகளைப் பிறகு ஒன்றாகச் சேர்த்து வாடகைக்கு விடுவது இலகுவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. இதை நான் நல்ல சட்டம் என்று மனதார நம்புகிறேன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவனுக்கும் நேற்று வந்திறங்கியவனுக்கும் இந்த மாடிகளை விட்டால் வேறு இடம் இல்லை.

அனுமதி கிடைத்தாலும் குடியிருப்பவரை எழுப்ப முடியாது. மாகாணத்தின் 2006 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கட்டடம் கொண்டோவாகப் பதிவாகும் நாளில் குடியிருக்கிறவரை, “நான் வாங்கிவிட்டேன், நானே குடிவரப் போகிறேன்” என்று சொல்லி அனுப்ப வாங்கியவருக்கு உரிமை இல்லை. பதிவுக்குப் பிறகு குடிவருபவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே பயந்து தானாக வெளியேறுகிறவன்தான் நட்டப்படுகிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியாள் ஒருவர் சொன்ன விலையை உரிமையாளர் ஏற்க விரும்பினால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை குடியிருப்பவருக்கு. குறைந்தது 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். இதை முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் தேசவழமைதான் ஞாபகம் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், எழுத்தாகத் தொகுத்த அந்த வழக்கப்படி காணி விற்பவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம், பிற நாட்டில் இருப்பவருக்கு ஒரு வருடம் தவணை இருந்தது. ஐயாவின் கிணற்றில் இன்னொரு பங்கு என் தகப்பன் வழியாக எனக்கு. எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அதை வழக்காக எடுத்துச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு அவசரப்பட்டார், அவ்வளவு பயந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

பயப்படுத்தியது ஒரு தரகர். எங்கள் ஆள், எங்கள் மொழி பேசுகிறவர். அனுமதி கிடைக்கும் முன்னமே கதவு கதவாகத் தட்டி முற்பணம் கேட்டார். கொண்டோவுக்குக் கட்டும் முற்பணத்தை வேறு காசோடு கலக்காமல் நம்பிக்கைக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது சட்டம். விற்பவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் விவரப் பத்திரம் கைக்கு வந்தபின் 10 நாளுக்குள் மனம் மாறலாம், காசு திரும்ப வரும். ஐயாவின் மகன் தரகர் கையில் கொடுத்த காசுக்கு ஒரு துண்டுச் சீட்டுத்தான் இருக்கிறது. நானும் அவனும் ஒரே லிப்டில்தான் போய் வந்தோம். அவன் முகம் வாடியிருந்ததைக் கண்டும் நான் ஒரு சொல் கேட்கவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் உடுப்புத் தோய்க்கும் அறையில் குடிகள் எல்லாரும் கூடினோம். முன்னின்றவர் ஒரு பிலிப்பினோத் தாதி. நான் தமிழில் சொன்னேன், இன்னொருவர் உருதுவில் சொன்னார். யாருக்கு எவ்வளவு வாடகை என்று எழுதி, கையெழுத்து வாங்கி, மாநகரசபைக் கூட்டத்துக்குப் போனோம். இந்தப் புரட்டாதியில் கட்டடக்காரர் விண்ணப்பத்தைத் தானே மீளப் பெற்றுக்கொண்டார். நாங்கள் அதே வீடுகளில் இருக்கிறோம், காணி மட்டும் போய்விட்டது.

வீடு வாங்காதே என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. நிலையான உழைப்பு இருந்து, கட்டடத்தின் கணக்கையும் சேமிப்பு நிதியையும் பார்த்து வாங்கினால் வாங்கட்டும். ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளை அழுது கதைத்தால், “கடிதம் எங்கே, யார் கையெழுத்து, மாநகரசபை அனுமதி கொடுத்துவிட்டதா?” என்று மூன்றும் கேளுங்கள். பதில் வரும்வரை உறுதியைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

காணியை வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நேர்மையாகத்தான் வாங்கினீர்கள், உங்களில் பிழை இல்லை. இன்னும் வேலி அடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கொடுத்த விலையோடு உறுதிச் செலவையும் சேர்த்துத் தர நாங்கள் இங்கே பதினொரு பேர் ஆயத்தமாக இருக்கிறோம். ஐயாவுக்கு அந்தக் காணியைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன், ஸ்காபரோ