பேரூர்க் கோயிலும் பரங்கிமலையும்

போன கார்த்திகை சோமவாரத்தன்று பேரூர்க் கோயிலில் தரிசனம் முடித்துப் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தை, டிகிரி முடிச்சதும் மிலிட்டரியில ஆபீசராப் போலாம்னு இருக்கேனுங்க. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிச்சி படாத வீடு எங்களுடையது. இவளோ தேவாரம் பாடாமல் காபி கூடக் குடிக்க மாட்டாள். கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்தபோது, யூனிபாரம் போடுகிற ஆசை என்றுதான் நினைத்தோம்.

"கொல்லாமை படிச்ச புள்ளை துப்பாக்கி பிடிக்கலாமா அம்மிணி?" என்றேன்.

"சிறுத்தொண்டர் யாருங்க அத்தை? வாதாபியை ஜெயிச்ச பல்லவ சேனாபதிதானே!" என்றாள்.

நான் விடுவேனா? அவர் சிவனடியார் என்று தெரிந்ததும், இப்படிப்பட்டவரைப் போருக்கு அனுப்பினோமே என்று ராஜாவே வருந்தி, வேலையிலிருந்து விடுவித்ததையும் பெரிய புராணம்தானே சொல்கிறது! அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. யோசிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு விசாரித்ததில் எனக்கே பல விஷயங்கள் தெரிந்தன. பட்டதாரிகள் என்.சி.சி. 'சி' சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடு வாங்கியிருந்தால் எழுத்துப் பரீட்சை கிடையாது, நேரே எஸ்.எஸ்.பி. தேர்வுதான். ஐந்து நாள் அங்கேயே தங்க வைத்து மனசு, பேச்சு, பழகுகிற விதம் எல்லாம் சோதிக்கிறார்கள். தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, பட்டியலில் இடம் கிடைத்தால் சென்னை பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. அது முடிகிற வரை கல்யாணம் கூடாது. (அண்ணிக்கு இதுதான் பெரிய இடி!) அங்கே 1992-லிருந்தே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2023-ல் பீரங்கிப் படைக்கே ஐந்து பெண்கள் அதிகாரிகளானார்கள். சாப்பாடு பற்றித்தான் அண்ணி திரும்பத் திரும்பக் கேட்டாள். சைவச் சாப்பாடு உண்டு.

எனக்கு உறுத்தியது வேறு. ராணுவத்தில் அதிகாரி தன் வீரர்களோடு அவர்கள் கும்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். குருத்வாராவோ, மசூதியோ, சர்ச்சோ. சீக்கிய வீரர்களோடு இருந்த ஒரு கிறிஸ்தவ அதிகாரி, கூடவே வருவேன், கருவறைக்குள் மட்டும் வர மாட்டேன் என்றதால் வேலை போயிற்று. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் சரியென்று சொல்லிவிட்டது. அந்தப் பையனை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அவன் பக்தியும் பக்திதானே? ஆனால், ஆபத்தில் பின்னால் வரப்போகிறவர்கள், "நம்ம சாமியை இவர் ஒதுக்குகிறாரே" என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதும் புரிகிறது.

"நீ என்ன பண்ணுவே?" என்று அவளிடமே கேட்டேன்.

"முக்காடு போட்டுட்டு உள்ளே போவேனுங்க. பஞ்சாட்சரம் மனசுக்குள்ளதானே இருக்குது" என்றாள். அவளுக்கு அது சுலபம். எல்லோருக்கும் அப்படி இருக்குமா, தெரியவில்லை.

டிகிரியும் சர்டிபிகேட்டும் கைக்கு வந்துவிட்டன. எஸ்.எஸ்.பி.க்கு பெங்களூரிலிருந்து கடிதமும் வந்தாயிற்று. முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் செலவையும் அவர்களே தருகிறார்களாம். அண்ணன் சம்மதித்துவிட்டார். அண்ணி இன்னும் சரியென்று சொல்லவில்லை. நேற்று ராத்திரி போன் பண்ணி, பெங்களூரில் ஸ்வெட்டர் வேண்டியிருக்குமா என்று மட்டும் கேட்டாள்.