பாடமான நோயாளி

வைத்தியசாலையின் இரக்கமின்மையைச் சித்திரத்திற் காட்டவேண்டுமாயின் கத்தியையும் குருதியையும் தீட்டவேண்டும் என்று கருதுவோர் உளர். பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே புருய்யே 1887ஆம் ஆண்டிற் பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘சால்பெத்ரியேரில் ஒரு மருத்துவப் பாடம்’ என்னும் ஓவியத்தில் இவ்விரண்டும் இல்லை. கொடிய முகம் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவ்விரக்கமின்மையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் படைப்புகள் மிகச் சிலவே என்பது என் கருத்து.

புருய்யே குற்றஞ்சாட்டப் புகுந்தவருமல்லர். நரம்பு நோய் ஆராய்ச்சியிற் புகழோங்கியிருந்த பேராசிரியர் ஷார்க்கோவைச் சிறப்பிப்பதே அவர் நோக்கம். சாளர வழியே பகலொளி பாய்கின்றது. வைத்தியரும் எழுத்தாளரும் மாணாக்கருமாக ஏறத்தாழ 30 ஆடவர் நெருங்கியமர்ந்து உற்றுநோக்குகின்றனர். அவர்கள் முன்னே, ஹிஸ்ரீரியா நோயாளியான பிளான்ஷ் விற்மன், மேலாடை தளர்ந்து தோள் தெரிய, வைத்தியர் பபின்ஸ்கியின் கையிற் சாய்ந்து கிடக்கின்றாள். தாதி ஒருத்தி தாங்குதற்குக் கைநீட்டுகின்றாள். ஷார்க்கோவோ சபையோரை நோக்கிப் பேசுகின்றார். அவளைப்பற்றியே பேச்சு, அவளோடு பேசுவார் எவருமிலர்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். சபையோரின் பின்சுவரிலே, உடலை வில்லென வளைத்துக் கிடக்கும் பெண்ணொருத்தியின் சித்திரம் தொங்குகின்றது. சபையோருக்கு அது முதுகுப்புறம். நோயாளி நிற்கும் பக்கத்திலிருந்தே அதனைக் காணலாம். விழவேண்டிய விதத்தை அவளுக்கு முன்கூட்டியே வரைந்து மாட்டிவைத்தனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஓவியர் அறிந்து தீட்டினாரோ அறியாது தீட்டினாரோ, இதனினும் வலிய சாட்சியம் வேறு வேண்டியதில்லை.

பாடம் இன்றேல் வைத்தியம் ஏது என்று மருத்துவ மாணாக்கர் வினவுவர். நியாயமான வினாவே. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்கள் பலவற்றைப் பிரித்தறிந்து விளக்கியவர் ஷார்க்கோ. உலகம் அதனால் அடைந்த பயன் சிறிதன்று. ஆனால், அதே வைத்தியசாலையிற் பலமுறை புகைப்படமெடுக்கப்பட்ட ஒகுஸ்தீன் என்னும் இளம்பெண், 1880இல் ஆண்வேடம் பூண்டு தப்பியோடினாள். கற்பித்தோரின் நியாயத்தை ஏற்கும் நாம், அவளுடைய கால்கள் உரைத்த மறுமொழியையும் கேட்டல் வேண்டும்.

ஷார்க்கோவின் பாடங்களை 1885-86இற் கேட்டவர்களுள் பிராய்டும் ஒருவர். பிற்காலத்தில் நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட அவர், நோயாளியின் சொல்லை எவரும் கேளாத இவ்வோவியத்தின் அச்சுப்படியைத் தம் சிகிச்சை அறையில் மாட்டிவைத்திருந்தார்! குருபக்தி போலும்.

நோயாளியே தூரிகையை ஏந்தினால் காட்சி எவ்வாறிருக்கும்? மெக்சிக்கோ நாட்டு ஓவியர் பிரீடா காலோ, 1932 ஜூலையில், அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே கருச்சிதைவுற்று ஹென்றி போர்ட் வைத்தியசாலையிற் கிடந்தார். அவ்வாண்டே சிறியதோர் உலோகத் தகட்டில் தம்மைத் தாமே தீட்டினார். கட்டில் வெட்டவெளியிற் கிடக்கின்றது, அடிவானிலே தொழிற்சாலைகள். வைத்தியரில்லை, தாதியில்லை, பார்ப்போருமில்லை. வைத்தியசாலையின் பெயர் மட்டும் கட்டிலின் விளிம்பில் எழுதப்பட்டுள்ளது. குருதி படிந்த விரிப்பின்மேற் கிடப்பவளின் கையிலிருந்து ஆறு செந்நாடாக்கள் புறப்படுகின்றன. ஒன்றன் முனையிற் சிசு, மற்றொன்றில் இடுப்பெலும்பு, இன்னொன்றில் நத்தை, வேறொன்றில் ஓர் இயந்திரம். கன்னத்திற் பெரியதொரு கண்ணீர்த்துளி. 30 பேர் சூழ்ந்த பிளான்ஷின் தனிமைக்கும் எவருமற்ற இவள் தனிமைக்கும் எனக்கு வேற்றுமை தோன்றவில்லை. ஆனால் இங்கே தன் உடலைப் பற்றிச் சொல்பவள் அவ்வுடலுக்குரியவளே.

சிசுவைச் சரிவர வரைதற்குப் படங்களோடு கூடிய மருத்துவ நூலொன்று வேண்டுமென்று காலோ கேட்டபோது வைத்தியர்கள் மறுத்துவிட்டனர். கணவர் தியேகோ ரிவேரா வெளியிலிருந்து ஒன்றைத் தேடிக் கொணர்ந்தார். அதனைப் பார்த்தே தம் பிள்ளையின் உருவத்தை அவர் வரைந்துகொண்டார்.