சின்னக் காடிக்குப் பெரிய மூச்சு

கிள்ளான் சாலையில் பழைய கஞ்சில் ஒன்று உங்களை விர்ரென்று முந்திப் போனால் வியக்காதீர்கள். உள்ளே 'டர்போ' இருக்கலாம்.

1994-இல் வந்த அந்த 660 சி.சி. காடி பரம சாது. அதன் உறவான டைஹட்சு மீராவோ, ஜப்பானில் டர்போவுடன் 64 குதிரைசக்தி காட்டியது; நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! வீணாகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதோடு பூட்டிய மறு சக்கரம் காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், அவ்வளவுதான். 1977-இல் ரெனோ நிறுவனம் 1500 சி.சி. டர்போவைப் பார்முலா ஒன் பந்தயத்தில் இறக்கியபோது, 3000 சி.சி. ஆட்கள் கேலி செய்தார்கள். 1979-இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் அதுவே வென்றது.

ஆனால் மிதித்தவுடன் வேகம் வராது. சற்றுத் தயங்கி, திடீரெனப் பாயும். மழையில், தோட்டத்து வளைவில், அந்தப் பாய்ச்சல்தான் ஆபத்து.

"அம்மா, டர்போ இயந்திரம் மட்டும்" என்று மகன் நச்சரிக்கிறானா? பிரேக்கையும் டயரையும் சேர்த்து மாற்றுவார்களா என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் மாற்றத்தைப் பதியாவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடலாம்.