மாதம் எவ்வளவு கட்ட முடியும்?

சென்ற ஆடி மாதத்தில் என் தங்கை மகன், பதினோரு வருஷமாக ஓட்டிவந்த பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமென்று யோசித்து, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு கார் ஷோரூமுக்குப் போனான். அவனுடைய தேவை உண்மையானது. என் தங்கைக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது ஆட்டோவில் ஏறி இறங்கும் சக்தி அவளுக்கு இருப்பதில்லை. குளிரூட்டிய அறையில் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்த விற்பனையாளர், எதற்காக வண்டி வேண்டும், யார் அதில் ஏறப்போகிறார்கள் என்பதையெல்லாம் விசாரிப்பதற்கு முன்பே, மிகுந்த மரியாதையோடு கேட்ட முதல் கேள்வி, "சார், மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்பதுதான்.

அவர் தம் தொழிலைச் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால், நடுத்தரக் குடும்பஸ்தர் ஒருவர் கார் வாங்கும் விஷயத்தில் பிற்பாடு அனுபவிக்கும் சிரமங்களில் பெரும்பாலானவை, இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே பிறந்துவிடுகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

விலைப்பட்டியலின் பின்புறத்தில் அவர் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். எட்டு லட்சம் ரூபாய் கடன், ஒன்பதரை சதவீத வட்டி. ஐந்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 16,800, ஏழு வருஷமானால் சுமார் 13,075. இரண்டாவது எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "மாமா, பதிமூணாயிரம்தானே வருது, சமாளிச்சிடலாம்" என்றான் என் மருமகன். அந்தக் காகிதத்தை வாங்கி, எழுதப்படாமல் விட்டிருந்ததை நான் அதன் கீழே எழுதினேன். ஐந்து வருஷக் கடனுக்கு மொத்த வட்டி சுமார் 2,08,000. ஏழு வருஷக் கடனுக்குச் சுமார் 2,98,000. மாதாமாதம் 3,700 ரூபாய் குறைவாகக் கொடுக்கும் சௌகரியத்துக்கு அவன் செலுத்த வேண்டிய கிரயம் 90,000 ரூபாய். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. ஏழு வருஷத் தவணையில் ஐந்து வருஷம் தவறாமல் கட்டிய பிறகும் 2,85,000 ரூபாய் அசல் பாக்கி நிற்கும். அதற்குள் காப்பீட்டின் தேய்மான அட்டவணைப்படியே அந்த மாடலின் மதிப்பு பாதியாகியிருக்கும். அந்தச் சமயத்தில் விபத்திலோ வெள்ளத்திலோ வண்டி முற்றும் வீணானால், காப்பீட்டுத் தொகையிலிருந்து முதலில் வங்கியின் பாக்கி போக, மிஞ்சியதுதான் அவன் கைக்கு வரும்.

தவணையையே அளவுகோலாகக் கொண்டால் விலையின் மீதுள்ள கவனம் சிதறிப் போகிறது என்பதற்கு அன்றே இன்னொரு நிதர்சனமும் கிடைத்தது. அவன் கேட்ட வகையின் ஷோரூம் விலை 9,80,000. கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்த அடுத்த வகை 10,40,000. "அறுபதாயிரம்தான் சார் வித்தியாசம், தவணையில ஆயிரம்கூட ஏறாது" என்றார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடைமுறையிலிருக்கும் ஆயுள்கால வரி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம்; பத்தைத் தாண்டிவிட்டால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். முதல் வண்டிக்கு வரி 1,27,400, இரண்டாவதற்கு 1,87,200. ஆக அந்தக் கண்ணாடித் திறப்பின் உண்மையான விலை கிட்டத்தட்ட 1,20,000 ரூபாய். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் என் தங்கைக்கு அதனால் என்ன பிரயோசனம்?

கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வாகனக் கடனால் வாழ்ந்த பிரதேசம் இது. சென்னையில் 1954இல் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கிய காலம் முதலாகத் தவணைக்கு லாரி எடுத்து, தானே ஓட்டி, ஒன்றை இரண்டாக்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் எத்தனையோ உண்டு. ஆனால் லாரி ஓடினால் வாடகை வரும். அந்த வாடகையே தவணையைக் கட்டும். வீட்டுக் காரோ சம்பாதிப்பதில்லை; அதன் தவணை, அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் ஆதாரமான அதே சம்பளத்திலிருந்துதான் பிரிந்து போக வேண்டும். சம்பாதிக்கும் வாகனத்துக்குத் துணிந்து கடன் வாங்கிய நம் ஊரின் தைரியத்தை, செலவழிக்கும் வாகனத்துக்கும் அப்படியே பிரயோகிப்பது விவேகமாகாது.

பழைய வண்டி வாங்குவதுதான் பரிகாரம் என்பாரும் உண்டு. பெரும்பாலும் நானும் அந்தக் கட்சியே. எனினும் அந்தப் பாதையில் நான் பட்ட நஷ்டத்தைச் சொல்லாமல் அதைச் சிபாரிசு செய்தால் என் மனச்சாட்சி ஒப்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு மறு வருஷம், ஒரு தரகர் மூலமாக மூன்று வயதுள்ள கார் ஒன்று வாங்கினேன். வெளியே கண்ணாடிபோல் மின்னியது. உள்ளே மல்லிகை வாசனைத் தெளிப்பான். நான்காவது மாதம் மின்இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கின. புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, எந்தக் கருவியையும் தொடாமல், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம் அன்றாடம் இழுக்கும் அளவுக்கு அப்பால், சுருளுக்குள்ளேயே கிடந்த அந்த ஒரு முழ நாடாவில் சேற்றின் கோடு அப்படியே காய்ந்திருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. தரைவிரிப்பைத் தூக்கினால் பொடி மண். வெள்ளம் வரும் என்றால் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தும் மக்களைப் பார்த்துப் பிற ஊரார் வியக்கலாம். அந்த வண்டியை வாங்கிய எனக்கு அதன் நியாயம் நன்றாகப் புரியும்.

அந்த வண்டிக்கு நான் வாங்கிய கடனும் ஒரு பாடம். மூன்று லட்சம், மூன்று வருஷம், "பத்து பர்சென்ட், பிளாட்" என்றார்கள். பத்து என்ற சொல் மட்டுமே என் காதில் விழுந்தது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை கணக்காகும் என்பதே 'பிளாட்' என்ற அந்தச் சின்னச் சொல்லின் பொருள். 90,000 ரூபாய் வட்டி கட்டினேன். வங்கிகளின் வழக்கப்படி குறையும் அசலுக்குக் கணக்கிட்டிருந்தால் அதே பத்து சதவீதத்துக்குச் சுமார் 48,500 ரூபாய்தான் ஆகியிருக்கும். நான் கொடுத்தது உண்மையில் ஏறத்தாழ 18 சதவீத வட்டி. கையெழுத்துப் போடுமுன், "குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் யோசனை கேட்பவர் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கொடுக்கும் பழைய வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை, அந்த வண்டியால் நேரும் விபத்துக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்ததோடு சம்பந்தம் முடிந்துவிடுவதில்லை.

ஷோரூமிலிருந்து அன்று வெறுங்கையோடு திரும்பினோம். வழியில் அவனிடம் ஒன்று சொன்னேன். "ஏம்ப்பா, வண்டி வந்துட்டதா நினைச்சுக்கோ. அந்த 16,800ஐ மாசாமாசம் அஞ்சாம் தேதி தனிக் கணக்குல போட்டு வா. தாங்குதான்னு பார்ப்போம்." பழைய காருக்குக் கிளட்சை மாற்றிக்கொண்டு, ஆவணி முதல் அப்படியே செய்தான். அந்தப் பொறுமைக்கு எதிர்பாராத பலனும் கிடைத்தது: செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதை ஒட்டிப் பழைய வண்டிகளின் விலையும் கொஞ்சம் இறங்கியது. ஆயினும் அதைவிட முக்கியமானது அவனுடைய கணக்குப் புத்தகம் காட்டிய செய்தி. ஆவணியிலும் புரட்டாசியிலும் முழுத் தொகை. தீபாவளி வந்த ஐப்பசியில் 9,000. என் தங்கைக்கு ஊசி மருந்து மாற்றிய கார்த்திகையில் 7,500. தை பிறந்ததும் அவனே வந்து, "மாமா, பன்னிரண்டாயிரம்னா எந்த மாசமும் மூச்சு முட்டாது" என்றான். ஷோரூமில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். அது கிடைப்பதற்கு ஆறு மாதம் ஆயிற்று. ஒன்பதரை சதவீதத்தில், ஐந்தே வருஷத்தில் தீரக்கூடிய கடனாக அது சுமார் 5,70,000 ரூபாய். அதுவரை சேர்ந்த சேமிப்பையும் பழைய வண்டிக்குக் கிடைக்கும் தொகையையும் சேர்த்தால் வருவதே அவனுக்கு இசைந்த விலை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் அழைத்துக்கொண்டு போய், அந்த விலைக்குள் வரும் மூன்று வண்டிகளைப் பார்த்தோம். முதல் வண்டியின் இருக்கை மிகவும் தாழ்வு. எழுந்திருக்க அவளுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதன் வாசற்படி உயரம். மூன்றாவது, நான்கு வருஷம் ஓடிய, கூரை சற்று உயரமான ஒரு சிறு கார். சீட் பெல்ட்டை நான் கடைசிவரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கதவைப் பிடிக்காமல் பின்னிருக்கையில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு மகனைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல ஏறி உக்காரலாம்டா."