வயசான வீரர்களை வாங்கினால் கப் வருமா? சிஎஸ்கே ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்?

ஓஎம்ஆர் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனால், செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் வருகிறது நாவலூர். ஐடி கம்பெனிகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் நடுவே சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பயிற்சி மையம் இருப்பது இங்கேதான். 2025 சீசனுக்கு முன்பு மகேந்திர சிங் தோனி வலைப்பயிற்சிக்கு வந்ததும் இந்த இடத்துக்குத்தான். அப்போது அவருக்கு வயது 43. சீசன் முடிந்தபோது 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 8 புள்ளி, பட்டியலில் பத்தாவது இடம். சிஎஸ்கே கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் முறை.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. "பழைய ஆளுங்களையே பிடிச்சுத் தொங்கினா இப்படித்தான் ஆகும்" என்று ஒரு பக்கம். "2018-ல இதே பேச்சுத்தானே பேசினீங்க, கப் யார் கைக்குப் போச்சு?" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கு. ஆனால் ரெண்டு பேருமே கவனிக்காமல் விடுகிற ஒரு கணக்கும் இருக்கு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

2018-ல் என்ன நடந்தது?

இரண்டு வருடத் தடை முடிந்து அணி திரும்பி வந்த நேரம். அந்த ஜனவரி ஏலத்தில் சிஎஸ்கே எடுத்த பெயர்களைப் பார்த்து ரசிகர்களே தலையில் கைவைத்தார்கள். ஷேன் வாட்சன், ஹர்பஜன் சிங், இம்ரான் தாஹிர், டுவைன் பிராவோ, ஃபாஃப் டு பிளெஸ்ஸி, அம்பத்தி ராயுடு. பாதிக்கு மேல் 33, 34 தாண்டியவர்கள். 'டாட்ஸ் ஆர்மி', அதாவது அப்பாக்கள் படை என்ற பட்டம் அப்போது கிண்டலாக வந்ததுதான். பிறகு அதையே ரசிகர்கள் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள்.

காரணம் தெரிந்ததே. வான்கடேயில் நடந்த இறுதிப் போட்டியில் 36 வயது வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசியில் 57 பந்தில் 117 நாட் அவுட். ராயுடு அந்த சீசனில் 602 ரன். அடுத்த வருடம் 40 வயது தாஹிர் 26 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப் வாங்கினார். 2021-ல் மறுபடி கோப்பை. அதில் 37 வயது டு பிளெஸ்ஸி அடித்தது 633 ரன்.

இதற்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு. 'சேப்பாக்கம் பிட்ச் மெதுவாக இருக்கும், அங்கே அனுபவம்தான் பேசும்' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. 2018-ல் காவிரிப் போராட்டம் காரணமாக சேப்பாக்கத்தில் நடந்ததே ஒரே ஒரு ஆட்டம்தான். மீதி ஹோம் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. 2021 சீசனில் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பாதி சீசன் மும்பை, டெல்லியில், மீதி துபாய் பக்கம். அப்பாக்கள் படை ஜெயித்த அந்த இரண்டு கோப்பைக்கும் சேப்பாக்கத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சொல்லப்போனால் 2025-ல் சேப்பாக்கத்தில் 6 ஆட்டம் ஆடி ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆர்சிபி 2008-க்குப் பிறகு முதல் முறையாக அங்கே வந்து ஜெயித்துவிட்டுப் போனது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன், 9 விக்கெட் காலி. டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது.

அப்புறம் எது மாறியது? வயசா, விலையா?

இங்கேதான் அந்தக் கணக்கு வருகிறது. 2018-ல் ஒரு அணி செலவழிக்கக்கூடிய மொத்தப் பணம் 80 கோடி ரூபாய். அதில் வாட்சன் 4 கோடி, ராயுடு 2.20 கோடி, ஹர்பஜன் 2 கோடி, டு பிளெஸ்ஸி 1.60 கோடி, தாஹிர் 1 கோடி. ஐந்து பேரையும் கூட்டினால் 10.80 கோடி. அதாவது மொத்தப் பையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஒருத்தர் சரியாக ஆடாவிட்டாலும் பெரிய அடி கிடையாது, ஆடினால் லாட்டரி.

அதே ஏலத்தில் கேதார் ஜாதவுக்குப் போனது 7.80 கோடி. முதல் ஆட்டத்திலேயே காயம், சீசன் முழுக்க வெளியே. 2020-ல் 8 ஆட்டம் ஆடி 62 ரன். அந்த வருடம்தான் சிஎஸ்கே முதல் முறையாக பிளே ஆஃப் போகாமல் ஏழாவது இடத்தில் நின்றது. 'டாட்ஸ் ஆர்மி' கதையை ஆசையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் லேசாகத் தாண்டிவிடுவார்கள்!

2023-ல் அஜிங்க்யா ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். டெஸ்ட் ஆட்டக்காரர், டி20-க்கு ஆகமாட்டார் என்று ஒதுக்கப்பட்டவர். 326 ரன், 172-க்கு மேல் ஸ்ட்ரைக் ரேட். கோப்பையும் வந்தது.

இப்போது 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்துக்கு வாங்க. ரவிச்சந்திரன் அஸ்வின் 38 வயதில் வீடு திரும்புகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். விலை 9.75 கோடி. 120 கோடியில் கிட்டத்தட்ட 8 சதவீதம். அவர் ஆடியது 9 ஆட்டம், எடுத்தது 7 விக்கெட். நடுவிலேயே பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடை சொல்லிவிட்டார். அஸ்வின் பெரிய பவுலர் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த விலையில் அந்த வேலைக்கு அவர் தேவையா என்பதுதான் கேள்வி. வாட்சனை எடுத்தபோது கழித்துக்கட்டிய சரக்கு விலை, அஸ்வினை எடுத்தபோது பாசத்தின் விலை. இது என் கருத்து, நீங்க மறுக்கலாம்.

இன்னொன்றும் மாறியது, ஆட்டமே மாறியது. 2023-ல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு எட்டாவது, ஒன்பதாவது இடம் வரை அடிக்க ஆள் இருக்கு. 2024-ல் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது. 160 அடித்துவிட்டு, பந்துவீச்சாளர்களை மாற்றி மாற்றிக் கட்டிப்போடுகிற பழைய சிஎஸ்கே பாணிக்கு இடம் சுருங்கிவிட்டது. 2025-ல் ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று எடுத்தது எதுவும் பவர்பிளேயில் வேகம் தரவில்லை. கவனியுங்க, இவர்கள் யாரும் 40 வயசுக்காரர்கள் இல்லை. முப்பது, முப்பத்தைந்துக்குள்தான். பிரச்சினையை வயசு என்று மட்டும் சொல்லிவிட்டால் இதற்கு விளக்கம் கிடைக்காது. அதே 2025-ல் 36 வயது கோலி 657 ரன் அடித்து ஆர்சிபிக்கு முதல் கோப்பை வந்ததற்கும் விளக்கம் கிடைக்காது.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரரைக் குளிர்கால விடுமுறையில் எந்த அணியும் பேசி எடுக்கலாம், அதனால் மாதக்கணக்கில் இதே வாக்குவாதம். அவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஆல்பர்ட் புஹோல்ஸ். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 வருடத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021-ல் அவரை விடுவித்தது. 2022-ல் பழைய அணியான கார்டினல்ஸ் ஒரு வருடத்துக்கு 25 லட்சம் டாலருக்கு எடுத்தது. 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 700-ஐத் தாண்டிவிட்டு ஓய்வு பெற்றார். மனுஷன் ஒருத்தர்தான். ஒப்பந்தத்தின் நீளமும் விலையும்தான் வேறு.

தோனி விஷயம் எங்கே இடிக்கிறது?

விலைக் கணக்கில் பார்த்தால் தோனி நஷ்டமே இல்லை. 2022-ல் அவர் விலை 12 கோடி. 2025-க்கு முன்பு ஒரு பழைய விதி திரும்ப வந்தது. ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை 'அன்கேப்டு' வகையில் வைக்கலாம் என்பது அந்த விதி. அதில் அவர் விலை 4 கோடி ஆனது. டிக்கெட், ஜெர்சி, விளம்பரம் எல்லாம் சேர்த்தால் 4 கோடி என்பது ஒன்றுமே இல்லை.

இடிப்பது பணத்தில் இல்லை, ஆடும் இடத்தில். 2023 ஜூனில் முழங்கால் அறுவை சிகிச்சை. 2024-ல் 73 பந்து மட்டும் சந்தித்து 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் 220. அந்த வேடம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 2025-ல் 196 ரன், ஸ்ட்ரைக் ரேட் 135. ஆர்சிபிக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அவரால் பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃப்ளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். மேலே அடிப்பவர்கள் சரியாக இருந்தால் கடைசி 10 பந்துக்கு ஒரு தோனி சொகுசு. மேலே சரிந்தால் அந்த இடம் ஓட்டை.

சரி, இளம் ரத்தம் என்ன செய்தது?

தோல்விகளுக்கு நடுவே நடந்த நல்ல விஷயங்கள் எல்லாம் மாற்று வீரர்களாக வந்தவர்களால்தான். காயமடைந்த ருதுராஜுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, 7 ஆட்டத்தில் 240 ரன். அதில் ஆர்சிபிக்கு எதிராக 48 பந்தில் 94. டெவால்ட் பிரெவிஸ் 2.20 கோடிக்கு நடுவில் வந்து 180 ஸ்ட்ரைக் ரேட்டில் அடித்தார்.

பயிற்சி மையத்துக்கு அந்தப் பக்கம், அதே சாலை போய் முடிகிற மாமல்லபுரத்திலும் இந்த விவாதம் ஒரு முறை நடந்தது, வேறு விளையாட்டில். 2022 செஸ் ஒலிம்பியாடில் விஸ்வநாதன் ஆனந்த் ஆடாமல் வழிகாட்டியாக ஒதுங்கிக்கொண்டார். 16 வயது குகேஷ், பிரக்ஞானந்தா இருந்த இந்தியா 'பி' அணி வெண்கலம் வென்றது, அனுபவம் கூடிய 'ஏ' அணி நான்காவது. ஆனால் பெண்கள் பிரிவில் வெண்கலம் கொண்டுவந்தது 35 வயது கொனேரு ஹம்பியும் ஒன்பது மாதக் கர்ப்பத்தோடு ஆடிய ஹரிகாவும் இருந்த அணி. அங்கேயும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

சிஎஸ்கே நிர்வாகம் மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி தெரிகிறது. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, 31 வயது சஞ்சு சாம்சனை 18 கோடியில் வாங்கியது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தவரை அனுப்பிவிட்டார்களே என்று பலருக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்து டிசம்பர் 16 அபுதாபி ஏலம். கையில் 43.40 கோடி. அதில் ஐபிஎல்லில் ஒரு பந்துகூட ஆடாத இரண்டு பேருக்கு, 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மாவுக்கு, தலா 14.20 கோடி. கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தீர்ந்தது.

இதிலும் அதே பழைய தப்பு ஒளிந்திருக்கலாம். 38 வயசுக்கு 9.75 கோடி அதிகம் என்றால், 19 வயசுக்கு 14.20 கோடி மலிவா என்ன? குஜராத் அணி தமிழ்நாட்டின் சாய் சுதர்சனை 2022-ல் எடுத்தது 20 லட்சத்துக்கு. 2025-ல் அவர் 759 ரன் அடித்து ஆரஞ்சு கேப் வாங்கினார். இளைஞரை மலிவான நேரத்தில் கண்டுபிடிப்பது ஒரு திறமை, எல்லோரும் கண்டுபிடித்த பிறகு போட்டி போட்டு வாங்குவது வேறு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சாம்சன் விக்கெட் கீப்பர். கார்த்திக் சர்மாவும் கீப்பர். உர்வில் படேலும் கீப்பர். 44 வயதில் தோனியும் 2026 பட்டியலில் இருக்கிறார். கிளவுஸ் ஒரு ஜோடிதான். யார் கையில் போகும் என்பதை வைத்துத்தான் 14.20 கோடி பையன் ஆறாவதாக இறங்குவாரா, பெஞ்சில் உட்காருவாரா என்பது முடிவாகும்.