ஓடிக்கொண்டிருந்தது ஏன் நிற்க வேண்டும்?

போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம். அதில் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இன்று கூப்பிட்டால் திரையில் ஒரே ஒரு பதில்: ‘லிப்ஐசியூயூசி.எஸ்ஓ.72’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை. லினக்ஸில் சொந்தமாகக் கம்பைல் செய்து பிழைக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததுமே வயிறு எரியும்.

அவனியாபுரத்தில் என் வேலை, பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் படங்களை எழுத்தாக மாற்றுவது. கருவி, டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள். இன்றைய அச்சை நன்றாகவே படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பக்கத்தைக் கொடுத்தால் தடுமாறும். யானைத் தும்பிக்கை போட்ட லை, ளை, ணை, னை. சேர்த்து வளைத்த ணா, றா, னா. அந்த வடிவங்கள் உள்ள எழுத்துருவில் பயிற்சிப் படங்கள் தயாரித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக மூலநிரலில் சில இடங்களைத் திருத்தி நானே கட்டிக்கொண்ட டெசராக்ட் இது. டிஸ்ட்ரோ தருகிற பொதியில் அந்தத் திருத்தம் கிடையாது.

டெசராக்டின் பயிற்சிக் கருவிகள் நம்பியிருக்கிற யூனிகோட் லைப்ரரி ஐசியூ. காணாமல்போன அந்தக் கோப்பு அதனுடையது. டெபியன் 12-இல் இருப்பது ஐசியூ 72. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ஐசியூ 76. அப்கிரேடு செய்த அன்றைக்கு எதுவும் கெடாது. பழைய லைப்ரரியும் வட்டிலேயே கிடக்கும். பிறகு ஒருநாள், ‘தேவைப்படாத பொதிகள் இருக்கின்றன, ஆட்டோரிமூவ் கொடுத்து நீக்கலாம்’ என்று டெபியனின் பொதி நிர்வாகியான ஏபிடியே சொல்லும். கொடுத்தால் 72 போய்விடும். அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஏபிடி தன்னுடைய பட்டியலில் மட்டும்தான் பார்க்கிறது. யூஎஸ்ஆர்/லோக்கலில் நாம் கட்டி வைத்ததெல்லாம் அதன் கணக்கில் வராத பிள்ளைகள்.

76-க்கு 72 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஐசியூவிடம் அது செல்லாது. நிரலில் ‘யூ_ஸ்ட்ர்லென்’ என்று எழுதினாலும் கம்பைல் ஆகும்போது அது ‘யூ_ஸ்ட்ர்லென்_72’ ஆகிவிடுகிறது. 76-க்குள் தேடினால் அந்தப் பெயர் எங்கே இருக்கும்? ஒரே புரோகிராமுக்குள் இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்ளக் கூடாது என்று செய்த ஏற்பாடு, காரணம் நியாயம்தான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை இந்த எண் ஏறுகிறது. தெருவில் கதவு எண்ணை மாற்றினால்கூட பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைக்கிறோம், தபால்காரர் அலையக் கூடாது என்று.

சரி, மறுபடி கட்டலாம் என்று உட்கார்ந்தால் அடுத்தது லெப்டோனிகா. டெசராக்ட் படங்களைக் கையாளுவது அதை வைத்துத்தான். 1.83 பதிப்பில் அதன் கோப்புப் பெயரே லிப்லெப்ட் என்பதிலிருந்து லிப்லெப்டோனிகா ஆகி, எண்ணும் 5-லிருந்து 6 ஆனது. சிமேக்கின் கேஷ் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். பில்ட் அடைவை முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மதுரை வெயிலில் பழைய லேப்டாப்பின் ஃபேன், தலைக்கு மேல் இறங்குகிற விமானத்துக்குப் போட்டியாக இரைகிறது. தாத்தா அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் வாசலில் வந்து நிற்கிறார்: “என்னண்ணே, இந்த வாரம் முடிஞ்சிரும்னீங்களே?” அந்தப் புத்தகத்தின் தாள் தொட்டாலே ஓரம் உதிர்கிறது. அவரிடம் ஐசியூ எண்ணைப் பற்றி என்னத்தைச் சொல்ல?

இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 1997-லிருந்து அதே 6-ஆம் எண்ணில் நிற்கிறது. ஒரு செயல்கூறின் போக்கு மாறினால் பழையதையும் பதிப்புச் சீட்டோடு உள்ளேயே வைத்திருக்கிறது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துகிற ஹார்ஃப்பஸ், பதிப்பு 10-ஐத் தாண்டியும் லைப்ரரி எண்ணை 0-விலேயே வைத்திருக்கிறது. கெர்னலில் ஒரு மாற்றம் பயனரின் புரோகிராமை உடைத்தால் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தைத்தான் திருப்பி அனுப்புவார். மனம் இருந்தால் முடிகிறது.

கன்டெய்னருக்குள் போடு, எல்லாவற்றையும் ஸ்டேட்டிக்காக இணைத்துவிடு என்று யோசனை வரும். அப்படிச் செய்தால் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அது என் புரோகிராமுக்கு வந்து சேராது. ஓர் இடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் சேரட்டும் என்பதற்குத்தானே பகிர்வு லைப்ரரி?

லைப்ரரி மாறும்போது தன்னிடமுள்ள பொதிகளை எல்லாம் டெபியன் தன் சர்வர்களில் மறுபடி கட்டிவிடுகிறது. ஜென்டூ, தான் நிறுவியவை புதியதற்கு மாறும் வரை பழைய லைப்ரரியை அழிக்காமல் வைத்திருக்கிறது. எங்களுக்காக யாரும் கட்டித் தர வேண்டாம். நீக்குவதற்கு முன்னால் யூஎஸ்ஆர்/லோக்கலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இந்தப் புரோகிராம் இதை நம்பி இருக்கிறது, எடுக்கட்டுமா?” என்று ஏபிடி கேட்கட்டும். எந்தப் புரோகிராமுக்கு எந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளை நொடியில் சொல்லிவிடுகிற விவரம்தான் அது.