உறங்கும் புழுவை எழுப்புவது யார்?

சிருஷ்டியின் அழகைக் கொண்டு சிருஷ்டிகர்த்தரின் ஞானத்தை நிறுவ முற்படுவோர் தேனீயையும் எறும்பையும் தூக்கணங்குருவியின் கூட்டையுமே எடுத்துக்காட்டுதல் நெடுநாள் வழக்கம். ஆராதனை வேளைகளில் யான் இவற்றைப் பன்முறை கேட்டிருக்கின்றேன். இவ்வழக்கம் குறையுடையது என்பது என் கருத்து. இனியவற்றை மட்டும் சொல்லி இன்னாதவற்றை மறைக்கும் சாட்சி எந்த மன்றிலும் நில்லாதன்றோ? ஆதலின் நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழுவை ஈண்டு எடுத்துக்கொள்வேன்.

மண்ணிற் கிடக்கும் இப்புழுவின் முட்டையைப் பெட்டை நாயொன்று உட்கொள்ளுமாயின், அதினின்று வெளிப்படும் இளம்புழுக்களிற் பல குடலில் தங்கி வளராது, தசையிலும் பிற உறுப்புகளிலும் புகுந்து உறங்கிவிடுகின்றன. திங்கள் பல கழியினும் அவை வளர்வதில்லை. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். அதில் 42 நாள் அளவில் அவை விழித்தெழுந்து, நச்சுக்கொடியைக் கடந்து, பிறவாத குட்டியின் ஈரலை அடைகின்றன. குட்டி பிறந்தபின் நுரையீரலுக்கு ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலிற் குடியேறுகின்றன. எஞ்சியவற்றுட் சில தாய்ப்பாலின் வழியே செல்கின்றன. ஒருமுறை உட்கொண்ட முட்டைகளால் அடுத்தடுத்த ஈற்றுக் குட்டிகளும் பீடிக்கப்படுதல் உண்டு.

தாய் சூல்கொண்டமையைப் புழு எங்ஙனம் அறிந்தது? தாயின் ஹார்மோன்களே அறிவித்தன என்பர் அறிஞர். பால் சுரப்பதற்குக் காரணமாகிய புரோலாக்டினை அவற்றுள் முதன்மையாகக் கூறுவர். அது புழுவை நேரே தொடுகின்றதோ, தாயுடலின் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தி அதன்வழித் தொடுகின்றதோ என்பது இன்னும் ஆராய்ச்சியில் உளது. ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் இலண்டனில் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர். அதன் வேராகிய கிரேக்கச் சொல்லுக்கு எழுப்புதல், தூண்டுதல் என்பன பொருள். சுரப்புநீர் எனத் தமிழாக்குவாரும் உளர். அச்சொல் ஊறுதலைக் காட்டுமேயன்றி எழுப்புதலைக் காட்டாது. ஆதலின் யான் ஹார்மோன் என்றே எழுதுகின்றேன்.

இஃது ஒரு புழுவின் தனி வழக்கமுமன்று. ஐரோப்பாவின் தவளையொன்றின் சிறுநீர்ப்பையில் வாழும் பாலிஸ்டோமா என்னும் தட்டைப் புழு, இளவேனிலில் தவளை முட்டையிட நீரையடையும் காலத்திலேயே தானும் முட்டையிடுகின்றது. அவ்வமயம் இட்டால்தானே, பின்னர்த் தோன்றும் இளம்புழுவுக்குத் தலைப்பிரட்டையின் செவுள் கிட்டும்! தவளைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தியபோது, புழுவும் உரிய பருவத்துக்கு முன்னரே முட்டையிடத் தலைப்பட்டது.

நிற்க. இவையெல்லாம் ஆதாமின் வீழ்ச்சியால் வந்த கேடு என்று நண்பர் ஒருவர் எனக்கு விடையிறுத்தார். தேனீயின் ஒழுங்கு கர்த்தரின் கைவேலை, புழுவின் ஒழுங்கு மட்டும் வீழ்ச்சியின் பயன் எனப் பிரிப்பதற்கு அவர் கொண்ட அளவுகோல் யாது? அழகு என்னும் நம் விருப்பமேயன்றி வேறில்லை. தாய்க்குப் பால் சுரக்கவைக்கும் அதே தூது புழுவையும் எழுப்புகின்றது. என் விசுவாசம் இதனால் குலைந்ததென்று எண்ணவேண்டா. இதனைக் கண்டும் காணாததுபோற் கடந்துசெல்லும் பிரசங்கத்தில்தான் எனக்கு மனம் பொருந்தவில்லை.

கடந்துசெல்வதால் வரும் தீங்கு சொல்லளவில் நிற்பதுமன்று. மண்ணில் விளையாடும் குழந்தைகள் இம்முட்டையை விழுங்கினால் இளம்புழு அவர்தம் கண்ணையும் அடையக்கூடும். 1950-இல் அமெரிக்காவில், புற்றென ஐயுற்று அகற்றப்பெற்ற குழந்தைகளின் கண்கள் பலவற்றினுள் புழுவின் இளநிலை காணப்பட்டது. நம்மவரோ இதற்காகத் தெருநாயைக் கல்லால் அடிக்கின்றனர். வீட்டுநாய்க்குப் புழு வெளிப்பட்ட பின்னரே மருந்து தேடுகின்றனர். வழக்கமான மருந்து குடற்புழுவைக் கொல்லுமேயன்றித் தசையில் உறங்குவதைக் கொல்லாது. பிறந்த மூன்று நான்கு வாரத்திலேயே குட்டியின் மலத்தில் முட்டை வெளிப்படத் தொடங்கும். அம்முட்டை நோய்தரும் நிலையை எய்த மண்ணில் இரண்டு மூன்று வாரமேனும் கிடத்தல் வேண்டும். ஆதலின் குட்டிக்கு இரண்டு வாரம் நிரம்பியவுடன் முதல் மருந்தும், பின்னர் இருவாரத்துக்கு ஒருமுறையும் கொடுத்து, மலத்தை அன்றன்றே அகற்றிவிடல் வேண்டும்.